சில்லைக்குக் கூண்டு கட்டுவதற்கு முன்

சூளூர்பேட்டையில் பறவை வளர்க்கும் ஆசையோடு என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நம்ம ஊர்ச் சில்லையிலே எதை வளர்த்தா நல்லா இருக்கும்? எது சாது, எது சண்டைக்காரி?" குணம் பார்த்து வளர்க்க வேண்டும் என்று நினைப்பதே பாதி தேர்ச்சி. அதனால் அவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. நம் நாட்டுச் சில்லை எதையும் கூண்டில் வைக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் இருக்கின்றன. உள்நாட்டுப் பறவை வியாபாரம் 1990-91இல் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். "பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார்", "வலையில் தானாக விழுந்தது" என்பதெல்லாம் பதில் ஆகாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் காரணம் இருக்கிறது. வலையில் பிடித்த சில்லைகளைக் காற்றுப் போகாத கூடையில் நெருக்கி அடைத்துத்தான் கொண்டுபோகிறார்கள். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பல செத்துவிடுகின்றன. உங்கள் கைக்கு வரும் ஒரு ஜோடிக்குப் பின்னால் அந்தச் சாவுகள் இருக்கின்றன.

2. கூண்டில் வைக்கக் கூடாது என்பதால் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஆகாது. கடையில் விற்கும் ஜீப்ரா ஃபிஞ்சும் நம் வயல் சில்லையும் ஒரே குடும்பம். இணையோடு ஒட்டி உட்காருவது, புல்லால் உருண்டைக் கூடு கட்டுவது, கூட்டமாக இறங்கித் தானியம் கொத்துவது எல்லாம் இரண்டுக்கும் பொது. வெளியில் சில்லையைப் பார்த்துப் பழகிய கண் இருந்தால், கூண்டில் ஒரு குருவி சுகமில்லாமல் இருப்பது உடனே தெரியும். ஒரு வருஷம் வெளியில் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அதற்கு நம் ஊரைப் போல் தோதான இடம் குறைவு. காளங்கி ஆற்றங்கரைப் புல், அதை ஒட்டிய நெல் வயல், பழவேற்காடு ஏரி ஓரத்துச் சீமைக்கருவேலம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. வடக்கே கொஞ்ச தூரம் போனால் நேலபட்டு. 1976இல் சரணாலயமான அந்த 459 ஹெக்டேரில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. ஃபிளமிங்கோ திருவிழாவுக்கு வரும் கூட்டம் பூநாரையையும் கூழைக்கடாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. நீங்கள் கண்ணைத் தாழ்த்திப் புல்லைப் பாருங்கள். சூரியன் எழுந்து இரண்டு மணி நேரம் போதும். ஒரு சாதாரண பைனாகுலர், ஒரு நோட்டு, இவ்வளவுதான் செலவு.

3. புள்ளிச் சில்லையிலிருந்து தொடங்குங்கள். எளிதில் கண்ணில் படும், மனிதர்களுக்கு அதிகம் அஞ்சாது. மேலே காப்பிக்கொட்டை நிறம், வயிற்றில் மீன் செதில் போல வெள்ளையும் பழுப்புமாகக் கோடு. இளசுகளுக்கு அந்தச் செதில் இருக்காது, வெறும் பழுப்புதான். வேறு இனம் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

இதன் குணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆணின் பாட்டு. அலகு திறக்கும், தொண்டை புடைக்கும், உடம்பு நிமிரும். நமக்கோ ஒன்றும் கேட்காது. ஒரு முழம் தள்ளி இருந்தால்கூடக் காதில் விழாத அளவுக்கு மெல்லிய பாட்டு. ஆனால் கூட்டத்தில் இருக்கும் இன்னொரு சில்லை பக்கத்தில் நகர்ந்து வந்து, கழுத்தை நீட்டி, பாடுகிறவன் வாய்க்கு நேரே தலையை வைத்துக் கேட்கும். பாட்டு முடியும் வரை அசையாது. ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனியாகக் குறித்து எழுதியிருக்கிறார்கள். நீங்கள் வளர்க்கலாம் என்று பின்னால் நான் சொல்லப்போகும் பெங்காலி ஃபிஞ்சும் இதையே செய்யும். முதல் தடவை பார்க்கும்போது சண்டைக்கு வருகிறது என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

தீனியில் இதன் சாமர்த்தியம் வேறு மாதிரி. கூட்டம் தரையில் இறங்கியதும் சில குருவிகள் தலையைக் குனிந்து விதை தேடும், சில தலையை நிமிர்த்தி யாருக்கு விதை கிடைத்தது என்று பார்த்து அங்கே ஓடும். ஒரே குருவி நேரத்துக்குத் தகுந்தபடி இரண்டு வேலையும் செய்யும். கனடாவில் கூண்டுப் புள்ளிச் சில்லைகளை வைத்து இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் வளர்ப்பவருக்கு ஒரு பாடம் உண்டு. ஒரே தட்டில் தீனி வைத்தால் பலமில்லாத குருவி பட்டினி கிடக்கும். எத்தனை சின்னக் கூண்டாக இருந்தாலும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

4. வெண்தொண்டைச் சில்லை வறண்ட இடத்துக் குருவி. சீமைக்கருவேல முள்ளுக்குள்ளும் தரிசு ஓரத்திலும் தேடுங்கள். மண் நிறம், வெள்ளை வயிறு, கூர்மையான கறுத்த வால், வெள்ளி பூசியது போன்ற அலகு. சில்லைகளிலேயே சாது இதுதான். மதிய வெயிலில் ஒரு குச்சியில் ஐந்தாறு குருவிகள், பள்ளிக்கூட பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி, இடைவெளி இல்லாமல் உட்காரும். ஓரத்தில் இருப்பது நடுவில் இடம் வேண்டி மற்றவை முதுகின் மேல் ஏறி வந்து புகும். ஒன்றின் கழுத்து இறகை ஒன்று கோதிவிடும்.

தானே கூடு கட்டத் தெரிந்தும் தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூட்டில் முட்டை இடுவதை இது விரும்பும். இரவில் தூங்கவும் அதையே பயன்படுத்தும். ஆகவே பனையிலிருந்தோ ஈச்ச மரத்திலிருந்தோ தூக்கணாங்கூட்டைப் பறித்து வந்து வீட்டு முகப்பில் அழகுக்குத் தொங்கவிடாதீர்கள். காலிக் கூடு என்று நீங்கள் நினைப்பது இன்னொரு குடும்பத்துக்கு வீடு.

5. சிவப்புச் சில்லைக்கு நீர் வேண்டும், உயரமான புல் வேண்டும், சம்பு வேண்டும். மழைக்காலத்தில் ஆண் குருவி இரத்தச் சிவப்பு, மேலெல்லாம் வெள்ளைப் பொட்டு. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் அந்தச் சிவப்பு உதிர்ந்து ஏறக்குறையப் பெட்டையைப் போலவே ஆகிவிடும். போன மாதம் பார்த்த ஆண்கள் எங்கே போயின என்று புதியவர்கள் திகைப்பார்கள். அங்கேயேதான் இருக்கும். வாலின் மேல்புறத்தில் மிச்சம் இருக்கும் சிவப்பையும் அலகின் சிவப்பையும் வைத்து இனத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சிவப்புதான் அதற்கு எமன். வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. தப்பிப் பறந்தவற்றின் வம்சம் இன்று ஸ்பெயினிலும் ஹவாயிலும் ஃபிஜியிலும் காடு மேடெல்லாம் திரிகிறது. கூண்டில் வைத்தால் வருஷத்துக்கு வருஷம் நிறம் மங்கிப்போவதையும் பழைய வளர்ப்பாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெளியில் அதன் தீனியும் வெயிலும் கொடுப்பதைத் தட்டில் வைக்கும் தினையால் கொடுக்க முடிவதில்லை. மழை விட்ட ஒரு காலையில் சம்பு நுனியில் அது பாடுவதைப் பாருங்கள். இதைக் கேட்கக் கூண்டு வேண்டியதில்லை.

6. கருந்தலைச் சில்லை ஈரமான நெல் வயலிலும் நாணலிலும் இருக்கும். கறுத்த தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற முதுகு. செங்குத்தான தாளில் ஏறி இறங்குவதில் அதற்கு நிகர் இல்லை. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் கூட்டமாக வந்து இறங்குவதால் விவசாயிக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். தகரம் தட்டி ஓட்டலாம். வலை போட்டுப் பிடிப்பதற்கும் மருந்து வைப்பதற்கும் துணை போகாதீர்கள்.

7. தூக்கணாங்குருவி சில்லை இனம் அல்ல, ஆனால் சில்லையைப் பார்க்கப் போனவர் இதைப் பார்க்காமல் வர முடியாது. நம் தெலுங்குச் சொந்தங்கள் கிஜிகாடு என்பார்கள். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி, தலைக்கவசம் மாதிரி வந்ததும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூவும். பெட்டை வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை. பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே நிற்கும். பெட்டை குடியேறி முட்டை இட்டதும் ஆண் குழாயை முடித்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெட்டையைக் கூப்பிடும். அடைகாப்பது பெட்டை மட்டும்தான். இதை முதலில் சரியாகக் கண்டு எழுதியவர் சாலிம் அலி. 1930இல் மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில் ஒரு மரத்தின் எதிரே ஏணி போட்டு உட்கார்ந்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்து எழுதினார். பெரிய கருவி ஏதும் அவர் கையில் இல்லை. பொறுமை இருந்தது. உங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

ஒரு காலத்தில் தெருவில் வித்தை காட்டுகிறவர்கள் இந்தக் குருவியைப் பழக்கி, காசை எடுத்து வரவும் ஊசியில் மணி கோக்கவும் வைத்தார்கள். அவ்வளவு புத்தி உள்ள பறவை அது. ஓலையைக் கிழித்து முடிச்சுப் போடும் வேலையை அதனிடமிருந்து பறித்து, கம்பிக்குள் உட்காரவைப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

8. இனி நீங்கள் வளர்க்கலாம் என்று நான் சொல்வது எவை? தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த வெளிநாட்டுக் குருவிகள்.

ஆரம்பத்தில் பெங்காலி ஃபிஞ்ச். பெயரில் வங்காளம் இருக்கிறதே தவிர, சீனாவிலிருந்து கொண்டுபோன வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பான்காரர்கள் ஏறக்குறைய 250 ஆண்டுகளாகப் பழக்கி எடுத்த குருவி. நம் மலையோரங்களிலும் வெண்முதுகுச் சில்லை உண்டு, ஆகவே இது நமக்கு ஒரு வகையில் உறவு. காட்டுச் சில்லையை விடக் கூண்டுக் குருவியின் பாட்டு சிக்கலாக வளர்ந்திருப்பதை ஜப்பான் ஆராய்ச்சியாளர் ஒகனோயா காட்டியிருக்கிறார். சண்டை போடாது, யார் முட்டையைக் கொடுத்தாலும் அடைகாக்கும், யார் குஞ்சுக்கும் ஊட்டும். நம் நாட்டுச் சில்லையின் குணத்தை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அடுத்து ஜீப்ரா ஃபிஞ்ச். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. துறுதுறுப்பு, வாய் ஓயாத சத்தம், கொஞ்சம் அதிகாரம். சின்னக் கூண்டில் மூன்று ஜோடி போட்டால் கூட்டுப் பானைக்குச் சண்டை நிச்சயம். ஆண் குஞ்சு தகப்பனிடமிருந்துதான் பாட்டு கற்கும். அதனால் தானாகத் தின்னத் தொடங்கியதுமே பிரித்து விற்றுவிடாதீர்கள். இரண்டு மாதமாவது தகப்பன் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்தில் அவை தாமே ஜோடி சேரத் தொடங்கும், அதற்குள் உடன்பிறந்தவற்றைப் பிரித்துவிடுங்கள்.

கோல்டியன் ஃபிஞ்சின் நிறத்தைப் பார்த்து மயங்காத ஆள் இல்லை. ஆனால் ஈரமும் குளிரும் அதற்கு ஆகாது, நம் கார்த்திகை மாதம் அதைப் படுக்கவைத்துவிடும். தலை சிவப்பாக உள்ளவை மற்றவற்றை விரட்டும். இரண்டு மூன்று வருஷம் வேறு குருவி வளர்த்த பிறகு பாருங்கள். ஜாவாக் குருவிக்குச் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு இருப்பதால், வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

9. கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். ஃபிஞ்ச் கிடைமட்டமாகப் பறக்கும் குருவி, நேரே மேலே ஏறாது. வலைக்கண் அரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்கட்டும். நம் பக்கத்தில் எதிரி பூனை மட்டும் இல்லை. எலியும் மெல்லிய பாம்பும் அரை அங்குலத்தில் நுழைந்துவிடும். உள்ளே குருவியை விழுங்கி வயிறு புடைத்த பாம்பு வெளியே போக முடியாமல் காலையில் அங்கேயே கிடக்கும். அடியில் சிமெண்ட் போட்டு, கால்களை எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மேற்கு வெயில் படாமல் பச்சை வலை கட்டுங்கள்.

புயலை மறக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தக் கரையெல்லாம் என்ன பாடு பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி பிறந்ததும் கூரையைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். குருவிகளை வீட்டுக்குள் கொண்டுவரச் சின்னக் கூண்டுகளைத் தயாராக வைத்திருங்கள்.

10. தீனி: தினை முதன்மை. அதோடு சாமை, பனிவரகு, கொஞ்சம் கம்பு. எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவை. கடலோர ஈரக்காற்றில் தானியம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். மூட்டையாக வாங்காதீர்கள், வாங்கியதை வெயிலில் காயவையுங்கள், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். முளைகட்டிய தினையும் பால் பிடித்த புல் கதிரும் குஞ்சு இருக்கும் ஜோடிக்கு அவசியம். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. கடற்கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கி, பல நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு போனபின் கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் தருவார்கள். குளிக்க அகலத் தட்டில் தண்ணீர், தினமும் புதிது.

11. ஜீப்ரா ஃபிஞ்ச், கூட்டுப் பானை இருக்கும் வரை முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். பெட்டை இளைத்துப் போகும், முட்டை உள்ளேயே சிக்கிச் சாகும். வருஷத்துக்கு மூன்று அடைக்கு மேல் விடாதீர்கள். பிறகு பானையை எடுத்துவிடுங்கள். புதிதாக வாங்கிய குருவியை ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

12. வீட்டைச் சுற்றி அரை சென்ட் காலி இடம் இருந்தாலும் அதில் புல்லை வெட்டாமல் விடுங்கள். கதிர் விடட்டும். ஓரத்தில் ஒரு பிடி தினை தூவுங்கள், ஒரு முள் செடியை வளரவிடுங்கள், தரையில் ஆழமில்லாத மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். பூச்சிமருந்து வேண்டாம். புள்ளிச் சில்லை வந்து இறங்கும். பூட்டு இல்லாத, உரிமம் கேட்காத கூண்டு இது. என் முற்றத்தில் நான் அதிக நேரம் உட்காருவது இதற்கு எதிரேதான்.

காற்றில் தூக்கணாங்கூடு குஞ்சோடு விழுந்துவிட்டால் அதைச் சணல் கயிற்றால் அதே மரத்தில் கட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தாய் திரும்ப வரும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்கத் தொடங்காதீர்கள்.

13. உங்கள் கூண்டுக் குருவி எதையும் வெளியே பறக்கவிடாதீர்கள். அலுத்துப்போனாலும் வேறு ஒரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். நம் புள்ளிச் சில்லையே ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் இப்படித் தப்பிப்போய்ப் பெருகியிருக்கிறது.

14. கடைசியாக, வழியில் யாராவது துணி மூடிய கூடையில் சில்லை விற்றால் வாங்காதீர்கள். பச்சையும் மஞ்சளும் ரோஜாவுமாக இருப்பவற்றில் பல சாயம் பூசிய சாதாரணச் சில்லைகள். ஒரு மழையில் நிறம் போகும், சாயத்தாலேயே உயிர் போவதும் உண்டு. புண்ணியத்துக்காக வாங்கிப் பறக்கவிடுவதும் வேண்டாம். நீங்கள் கொடுக்கும் காசுக்கு நாளைக்கு இன்னொரு வலை விரிப்பார்கள். ஜாவாக் குருவி உலகமெங்கும் கூண்டுகளில் இருக்கிறது, சொந்த ஊரான ஜாவாவிலும் பாலியிலும் காட்டில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. நம் நாட்டிலேயே மவுண்ட் அபு பக்கத்தில் வாழும் பச்சைச் சில்லையையும் பிடித்துப் பிடித்தே குறைத்துவிட்டோம். காளங்கிக் கரைச் சில்லைக்கு அந்த நிலை வர நீங்கள் இடம் கொடுக்காதீர்கள். கூடையைப் பார்த்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்களையும் வாங்க விடாதீர்கள்.